கோடு போடாத மைதானம்

நான் கோபக்காரன். வீட்டில் யாராவது சொன்னால் மறுப்பேன். எழுத்தில் ஒப்புக்கொள்வதில் தயக்கமில்லை. அந்தக் கோபத்தில் பெரும்பகுதியைத் தொண்ணூறுகளில், ஞாயிற்றுக்கிழமைதோறும், ஒரு கால்பந்து அணியின் மேல் கொட்டித் தீர்த்தேன். மைசூரில் மண்டி மொஹல்லாவை ஒட்டி இருந்த எங்கள் தெருவின் அணி அது. மாவட்ட லீக்கில் மூன்றாம் டிவிஷன். அதற்குக் கீழே டிவிஷன் கிடையாது. இருந்திருந்தால் அங்கேதான் இருந்திருப்போம்.

அணியில் ஆடியவர்கள் எல்லோரும் வாரம் முழுக்க வேறு வேலை பார்ப்பவர்கள். பெயிண்டர்கள் இருவர், லேத்துப் பட்டறைக்காரர்கள் மூவர், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் நாலைந்து பேர். கோல்கீப்பர்தான் கேப்டன். அவர் ஆட்டோ ஓட்டுபவர், முப்பது வயது, நெட்டையான ஆள், அக்ரஹாரம் ஸ்டாண்டில் வண்டி போடுவார். நான் ஊதுபத்தித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். வாரத்தில் ஆறு நாளும் அங்கே குரலை உயர்த்தாமல் வேலை வாங்க வேண்டும் என்பது முதலாளியின் கண்டிப்பு. ஏழாவது நாள் எங்கள் கோல் வலைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறினால் நானும் பையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போவேன். அங்கே நின்று தொண்ணூறு நிமிடமும் எங்கள் கோல்கீப்பரைத் திட்டுவேன்.

"வீட்டுல வாயே தொறக்க மாட்டீங்க. அங்க போனா மட்டும் மைக் செட்டு" என்பாள் என் மனைவி.

அவளுக்கு ஒன்று புரியவில்லை. கேபிள் டிவியில் வெளிநாட்டு ஆட்டங்கள் வர ஆரம்பித்திருந்த சமயம் அது. அவற்றையும் பார்த்தேன், ரசித்தேன், டிவியை அணைத்ததும் மறந்தேன். எங்கள் அணி தோற்றால் மட்டும் இரவுச் சாப்பாடு தொண்டையில் இறங்காது. இத்தனைக்கும் தோற்பது ஒன்றும் புதிதல்ல. நான் சொல்லப்போகும் அந்த வருடம் அதுவரை அட்டவணையில் வந்த எட்டு ஆட்டங்களில் எட்டிலும் தோற்றிருந்தோம். அதில் ஒன்றில் ஆடவே இல்லை. ஒரு கல்யாணத்துக்காகக் கொள்ளேகால் போன ஐந்து பேர் பஸ் கிடைக்காமல் மாட்டிக்கொண்டார்கள். ஆள் பற்றாமல் எதிரணிக்கு வாக்கோவர் கொடுத்தோம், அதாவது ஆடாமலே ஜெயத்தை விட்டுக்கொடுத்தோம். லீக்கின் விதி ரொம்பத் தெளிவானது. ஒரே வருடத்தில் இரண்டாவது வாக்கோவர் கொடுத்தால் அணியின் பெயரைப் பட்டியலிலிருந்தே அடித்துவிடுவார்கள். மறுபடி சேர்வதென்றால் யார் யார் காலிலோ விழ வேண்டும்.

எட்டாவது தோல்வி ஐந்துக்குப் பூஜ்யம். அதைக்கூடத் தாங்கியிருப்பேன். ஆட்டம் முடிந்து, ரசிகர்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர் இழவு வீட்டில் நிற்பதைப்போல நின்றுகொண்டிருந்தபோது, எங்கள் ஆட்டக்காரர்கள் எதிரணியோடு சேர்ந்து மசாலாப் பொரி விற்கும் சுருமுரி வண்டியைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். பொரியை வாயில் போட்டபடி, ஐந்து கோல் வாங்கிய எங்கள் கோல்கீப்பரும் சிரித்தார். எனக்குக் காது மடல் வரை சுட்டது.

"பாத்தியா குரு, நமக்குச் சோறு எறங்கல, இவனுங்களுக்கு சுருமுரி எறங்குது" என்றார் பக்கத்தில் நின்ற பேக்கரிக்காரர். அவர் எங்களில் சாதுவான ஆள். அவரே அப்படிச் சொன்னதும் எனக்கு வேகம் வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே எல்லோரையும் தெருக்கோடி மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். பூசாரியைக் கற்பூரம் ஏற்றச் சொன்னேன். இந்த அணி ஆடுகிற மைதானத்தில் இனிமேல் கால் வைக்க மாட்டோம் என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் முதலில் அடித்து அணைத்தவன் நான்தான். அடுத்து பேக்கரிக்காரர். அதற்கடுத்து எங்கள் தெருத் தையல்காரர். அவர் சத்தியம் செய்யும்போதும் கழுத்தில் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவருக்கும் புதுக் கற்பூரம் வைத்த பூசாரி, "வேணாம்ப்பா, நல்லா யோசிச்சுக்கங்க" என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். யோசிக்கிற நிலையில் யாரும் இல்லை.

அடுத்த வாரம் முழுவதும் நான் நிம்மதியாக இருந்ததாக நினைத்துக்கொண்டேன். சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. எங்கள் கோல்கீப்பரின் வண்டிச் சத்தம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். சமாதானம் பேச வந்திருக்கிறார், நாளைக்கு வந்துவிடுங்கள் என்று கெஞ்சப்போகிறார் என்று எனக்குள் ஒரு கர்வம். குளியலறைக்குள் புகுந்து குழாயைத் திறந்துவிட்டு, வெளியே போயிருப்பதாகச் சொல்லச் சொல்லி மனைவிக்குக் கையைக் காட்டினேன்.

"அவரு இல்லியே தம்பி. ஏதாவது சொல்லணுமா?"

"பரவால்லக்கா. நானே பாத்துக்கறேன்."

ஆட்டோ போய்விட்டது. மனைவி என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை கொஞ்சமும் இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான்கு மணிக்கு ஆட்டம். இரண்டு மணியிலிருந்தே எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அன்பு ஒன்றும் பொங்கவில்லை. பயம். நான் போகாத ஒரே நாளில் இவர்கள் ஜெயித்துத் தொலைத்துவிட்டால்? இத்தனை வருடம் வெயிலில் நின்று வயிறெரிந்த எனக்கு அந்த ஒரு ஜெயம் கிடைக்காமல் போய்விட்டால்? மூன்றரைக்குச் சட்டையை மாட்டினேன்.

"எங்க?" என்றாள் மனைவி.

"சவரம் பண்ணிக்க."

"காலைலதான பண்ணீங்க?"

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மைதானத்துக்கு நேர் எதிரே, சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு சலூன் இருந்தது. அங்கே உட்கார்ந்தால் முதுகு வாசலைப் பார்க்கும், முகம் கண்ணாடியைப் பார்க்கும். அந்தக் கண்ணாடியில், திறந்த வாசல் வழியாக, மைதானம் முழுவதும் தெரியும். சத்தியம் மைதானத்தில் கால் வைப்பதைப் பற்றித்தான். கண்ணாடி பார்ப்பதை அம்மன் தடுக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டேன். சலூன்காரர் என் மழமழத்த தாடையைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் நுரை போட ஆரம்பித்தார். பக்கத்து நாற்காலியில் ஒருவர் முகத்துக்கு நேரே செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தார். தாளுக்குக் கீழே ஒரு அளவு டேப் தொங்கியது.

"நீ எங்கய்யா இங்க?" என்றேன்.

செய்தித்தாள் இறங்கவில்லை. "முடி வெட்ட" என்றது. தையல்காரருக்குத் தலையில் வெட்டுவதற்கு முடியே கிடையாது.

அவரைக் கேலி செய்ய வாயெடுத்தபோதுதான் கண்ணாடியில் அதைப் பார்த்தேன். மைதானத்தில் இரண்டு அணியும் நின்றுகொண்டிருந்தன. நடுவர் கையை வீசி ஏதோ கேட்க, எங்கள் கோல்கீப்பர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். கோல் கம்பங்கள் மொட்டையாக நின்றன, வலை இல்லை. தரையில் ஒரு வெள்ளைக் கோடுகூட இல்லை.

மூன்றாம் டிவிஷனில் மைதானத்துக்கென்று ஆள் கிடையாது. அட்டவணையில் எந்த அணியின் பெயர் முதலில் இருக்கிறதோ அதுதான் கோடு போட்டு வலை கட்ட வேண்டும். எங்கள் அணிக்கு அதையெல்லாம் செய்தது ரசிகர்களாகிய நாங்கள். ஆட்டக்காரர்களைச் சோர்வாக்கக் கூடாது என்று நாங்களே எடுத்துக்கொண்ட வேலை. வலையும் சுண்ணாம்பு மூட்டையும் கோயிலில் அம்மன் வாகனம் வைக்கும் அறையில் இருந்தன. யாரோ ஒருமுறை சுண்ணாம்பை எடுத்துத் தன் வீட்டுச் சுவருக்கு அடித்துவிட்டதால், அந்த அறைக்கு நான் புதுப்பூட்டு போட்டிருந்தேன். ஒரே சாவி. அது என் சைக்கிள் சாவியோடு கோத்து என் சட்டைப் பையில் இருந்தது.

அன்று அட்டவணையில் எங்கள் பெயர்தான் முதலில். நேற்று கோல்கீப்பர் வந்தது கெஞ்சுவதற்கல்ல, சாவிக்கு.

எழுந்தேன். இடது கன்னம் முடிந்திருந்தது, வலது கன்னம் முழுக்க நுரை. "இரீ சார், இன்னொந்து சைடு இதெ" என்று இன்னொரு கன்னத்தைக் காட்டிச் சலூன்காரர் கத்தினார். கழுத்தில் கட்டிய துணியோடு சாலையைக் கடந்தேன். மைதானத்தின் குட்டைச் சுவரருகே வந்ததும் கால் தானாக நின்றது. உள்ளங்கையில் கற்பூரம் சுட்ட இடம் இன்னும் சிவந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், "அர்த கண்டெ அஷ்டே" என்று நடுவர் சொல்வது கேட்டது. அரை மணி நேரம், அவ்வளவுதான். அதற்குள் கோடும் வலையும் இல்லாவிட்டால் வாக்கோவர். எங்களுக்கு இரண்டாவது வாக்கோவர்.

அம்மா தாயே, என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்று மனதுக்குள் சொல்லிவிட்டுச் சுவரேறிக் குதித்தேன்.

கோல்கீப்பர் என் முகத்தைப் பார்த்தார், நுரையைப் பார்த்தார், நான் தூக்கிக் காட்டிய சாவியைப் பார்த்தார். கையுறையைக்கூடக் கழற்றாமல் ஆட்டோவைக் கிளப்பினார்.

போகும் வழியில் நான்தான் ஆரம்பித்தேன். "நேத்து வந்தப்ப சாவின்னு சொல்லியிருக்கலாம்ல?"

"கொழாய் சத்தம் கேட்டுச்சுண்ணா. வீட்ல இருந்துக்கிட்டே இல்லன்னு சொல்றவர்கிட்ட என்னத்தக் கேக்கறது? கோயில் பூட்ட ஒடைக்கவும் மனசு வரல."

வெட்கமாக இருந்தது. அதை மறைக்கக் கோபப்பட்டேன். "அஞ்சு கோல் வாங்கிட்டு சிரிச்சீங்களே, அதுக்கென்ன சொல்ற?"

"சிரிக்காம? நீங்கல்லாம் பாத்துக்கிட்டிருக்கறப்ப அழச் சொல்றீங்களா?" வண்டியை ஒடித்துத் திருப்பினார். "கோடு மட்டும் போட்டுக் குடுத்துட்டுப் போயிடுங்கண்ணா. உங்க சத்தியத்துக்கு நான் குறுக்க வரல."

கோயில் வெறிச்சோடிக் கிடந்தது, பூசாரியைக் காணவில்லை. வலையைச் சுருட்டி ஆட்டோவில் திணித்தோம். சுண்ணாம்பு மூட்டையைத் தூக்கினால் கால் மூட்டைதான் இருந்தது, அதிலும் பாதி ஈரம் பட்டுக் கட்டியாகிவிட்டது.

திரும்பி வந்தபோது மைதானத்தின் சுவரோரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, ரொட்டிப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்றுகொண்டிருந்தார் பேக்கரிக்காரர். எங்களைக் கண்டதும், "சும்னே ரொட்டி போட வந்தேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் யாருக்கும் ரொட்டி போட்டதில்லை. நான் சுண்ணாம்பு மூட்டையைத் திறந்து காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், சைக்கிளில் ஏறிப் பறந்தார். பத்து நிமிடத்தில் கேரியரில் ஒரு மைதா மூட்டையோடு வந்தார். புழு விழுந்து திருப்பி அனுப்ப வைத்திருந்த மூட்டையாம்.

அதற்குள் தையல்காரரும் சுவரேறி வந்துவிட்டார். சத்தியம் செய்த மற்றவர்களும் ஒவ்வொரு மரத்தின் பின்னாலிருந்தும் ஒவ்வொரு கடையின் மறைவிலிருந்தும் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலை செய்தோம். தையல்காரர் தன் டேப்பாலேயே பெனால்டி கட்டத்தை அளந்தார்; அது ஐந்தடிக்கு மேல் இருக்காது, அவர் மைதானத்தில் தவழ்ந்து தவழ்ந்து அளந்ததை எதிரணி கைதட்டிப் பார்த்தது. அடியில் ஓட்டை போட்ட டால்டா டின்னில் சுண்ணாம்பையும் மைதாவையும் கலந்து போட்டுக் குலுக்கிக்கொண்டே ஓடினேன். கயிறு பிடிக்க நேரமில்லை. கடைசியாகப் போட்ட பெனால்டி கட்டத்தின் முன்கோடு நடுவில் ஒரு முழம் வெளியே பிதுங்கிவிட்டது. நடுவர் அதைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், விசிலை ஊதினார். நடுவட்டத்துக்கு வந்து மைதாவை நக்கிய ஒரு நாயை விரட்டிவிட்டு ஆட்டம் தொடங்கியது.

எனக்குக் கோல் வலைக்குப் பின்னால் போக மனம் வரவில்லை. போயிடுங்கண்ணா என்று சொன்னாரே, அது உறுத்திக்கொண்டே இருந்தது. சுவரோரமாக, நுரை காய்ந்து இழுக்கும் கன்னத்தோடு, வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

முதல் பாதியில் எங்கள் கோல்கீப்பர் ஆடியதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவே இல்லை. ஒருமுறை இடது கம்பத்தோரம் போய் நின்றுகொண்டு வலது பக்கம் வந்த பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இன்னொருமுறை கோலை விட்டு எங்கோ வந்துவிட்டார். எங்கள் பெயிண்டர் ஒருவர் கோட்டின்மேல் நின்று நெஞ்சால் தடுத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அதே பாதியில் அதிசயமும் நடந்தது. எங்கள் ஆள் ஒருவரை எதிரணியின் பெனால்டி கட்டத்தருகே தள்ளிவிட்டார்கள். கோடு நேராக இருந்திருந்தால் கட்டத்துக்கு வெளியே. என் கோணல் கோட்டின்படி உள்ளே. எதிரணி குதித்தது. ஆட்டம் தொடங்குமுன் பார்த்தீர்கள் அல்லவா, அப்போது ஏன் பேசவில்லை என்று நடுவர் கன்னடத்தில் வெட்டொன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டுப் பெனால்டி கொடுத்தார். அந்த வருடத்தின் முதல் கோல் எங்கள் வாசலில் வந்து நின்றது. எங்கள் லேத்துப் பட்டறைக்காரர் ஓடி வந்து உதைத்தார். பந்து கோலைத் தாண்டி, சுவரைத் தாண்டி, சாலையைத் தாண்டிச் சலூன் வாசலில் போய் விழுந்தது. சலூன்காரர் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, இன்னொரு கன்னம் எப்போது என்று என்னைக் கேட்டுவிட்டுப் போனார்.

இடைவேளையில் அணிகள் பக்கம் மாறின. எங்கள் கோல்கீப்பர் புதுக் கோலில் போய் நின்று, வலைக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. மறுபடி ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. சுவரோரத்திலிருந்து ஓட்டமும் நடையுமாகப் போய் வலைக்குப் பின்னால், என் இடத்தில், நின்றேன். நின்றதும் நாற்பத்தைந்து நிமிடம் அடக்கியதெல்லாம் வெளியே வந்தது.

"எங்கய்யா நிக்கற? கோல் அங்கயா இருக்கு? ஸ்டாண்டுல சவாரிக்கு நிக்கறன்னு நெனப்பா? நடுவுல வாய்யா!"

அவர் நடுவுக்கு வந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பாதியில் அவர்கள் அடித்த பந்துக்கெல்லாம் எங்கள் ஆள் கையை வைத்தார். நான் திட்டத் திட்டப் பிடித்தார். கடைசி ஐந்து நிமிடத்தில் எங்கள் தடுப்பு ஆட்டக்காரர்கள் எல்லோரும் முன்னால் போய்விட்ட நேரத்தில், நடு மைதானத்திலிருந்து ஒருவன் உயரமாக ஒரு பந்தை அடித்தான். கோல்கீப்பர் முன்னால் வந்திருந்தார். அண்ணாந்து பந்தைப் பார்த்தபடியே பின்வாங்கினார். "தூங்கறியா? ஓடியாய்யா, ஓடியா, ஓடியா!" என்று வலையைப் பிடித்து உலுக்கிக்கொண்டு கத்தினேன். அவர் கோலைத் திரும்பிப் பார்க்காமலேயே எம்பினார். விரல் நுனி பட்டு, பந்து கம்பத்துக்கு மேலே போய் என் மார்பில் விழுந்தது.

பூஜ்யத்துக்குப் பூஜ்யம். ஒரு பாயிண்ட். அந்த வருடம் எங்களுக்குக் கிடைத்த முதல் பாயிண்ட். கோப்பை வாங்கியவர்கள்கூட அப்படி ஆடியிருக்க மாட்டார்கள். பேக்கரிக்காரர் தரையில் உட்கார்ந்து அழுதார். சாது மனிதர், அவரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. நானும் அழுதேன்; நுரை கண்ணில் பட்டுவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். எதிரணி எங்களை விசித்திரமாகப் பார்த்தது. சுருமுரி வண்டியைச் சுற்றி இந்த முறை நாங்களும் நின்றோம், நாங்களும் சிரித்தோம். அப்போதுதான் வண்டிக்குப் பின்னால், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஒருவர் நழுவப் பார்ப்பதைத் தையல்காரர் பிடித்துவிட்டார். எங்கள் பூசாரி.

"நான் சத்தியம் ஒண்ணும் பண்ணலயே" என்றார் அவர். "கற்பூரம் மட்டும்தான ஏத்தினேன்?"

அங்கேயே அவரிடம் தீர்ப்புக் கேட்டோம். சத்தியத்தை மீறியவர்கள் ஆளுக்கொரு தேங்காய் உடைத்து, கோயிலை நூற்றெட்டு முறை சுற்ற வேண்டும் என்றார். சற்று யோசித்து, தானும் சுற்றுவதாகச் சேர்த்துக்கொண்டார். அன்று சாயங்காலமே சுற்றினோம். ஆட்டக்காரர்களும் எங்களோடு சுற்றினார்கள், களைத்துப்போன கால்களோடு.

ஐம்பதாவது சுற்றிலோ என்னவோ கோல்கீப்பர் என் பக்கத்தில் வந்தார். சாவியை எடுத்து அவர் கையில் வைத்தேன். "இனிமே இது உங்கிட்ட இருக்கட்டும். என்னை நம்பி வெக்காத."

அவர் அதைத் திரும்ப என் சட்டைப் பையிலேயே போட்டார். "மொதப் பாதில எனக்கு என்னாச்சு தெரியுமாண்ணா? பந்தைப் பாத்துக்கிட்டே பின்னால போறப்ப கோல் எங்க இருக்குன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? நீங்க திட்டற சத்தந்தான். சத்தம் நேரா முதுகுல விழுந்தா நடுவுல நிக்கறேன். எடது காதுல விழுந்தா வலது பக்கம் ஒதுங்கிட்டேன்னு அர்த்தம். இன்னிக்கு ஒரு சத்தமும் இல்ல. எங்க நிக்கறேன்னே தெரியல."

இத்தனை வருடம் என்னென்ன சொல்லித் திட்டியிருக்கிறேன். நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். பழக்கமில்லாததால் ஒன்றும் வரவில்லை.

"அந்த கடைசிப் பந்துக்கு அவ்வளவு தூரம் முன்னால போவியா? அறிவிருக்காய்யா உனக்கு?" என்றேன்.

"அப்பிடிச் சொல்லுங்க" என்றார் அவர், நிம்மதியாக.